அப்பாவின் நோட்டில் ‘காட்டுப் படிப்பு’: எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியலுக்கு ஒரு விமர்சனம்

ராஜபாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. அப்பா எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுவார். துவரம்பருப்பு மூட்டைக்கு ஒரு பக்கம், பால்காரருக்கு ஒரு பக்கம், கடன் சொல்லிவிட்டுப் போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். 2014 ஜூன் மாத நோட்டில் ‘காட்டுப் படிப்பு’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. அது நான் சேர்ந்த எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல். ‘வனவிலங்கு’ என்று எழுத அவருக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார்.

படிப்பை முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறாள். "அக்கா, நானும் இதுலயே சேரலாமா? காசுக்கு ஏத்த படிப்பா?" என்று கேட்டாள். வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுத ஆரம்பித்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. கல்லூரியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நான் இருந்தபோது இருந்தவர்கள் பாதிப் பேர் இப்போது அங்கே இல்லை, அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

முதலில் செலவு. அப்பாவின் நோட்டில் உள்ளபடியே தருகிறேன். நாலு செமஸ்டர் கட்டணம் 46,000. விடுதியும் சாப்பாடும் 72,000. களப்பயணங்கள் 23,500. பைனாகுலர் 6,800, ஒலிம்பஸ் எட்டுக்கு நாற்பது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேரிடம் அதுதான் இருந்தது. காலணி, மழைக்கோட்டு, தூக்கப்பை, தலையில் மாட்டும் விளக்கு எல்லாம் சேர்த்து 7,200. கடைசி செமஸ்டர் ஆய்வுக்காக நாலு மாதம் வெளியே தங்கிய செலவு 41,000. லேப்டாப் 32,500. மொத்தம் 2,29,000 ரூபாய்.

இதில் கட்டணம் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். கல்லூரியில் விசாரிக்கும்போது கட்டணத்தை மட்டும்தான் சொல்வார்கள். களப்பயணத்துக்கும் ஆய்வுக்கும் ஆகும் பணத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முதுமலைக்கு ஒரு வாரம், கோடியக்கரைக்கு நாலு நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இரண்டு பயணத்துக்கு வராமலே படிப்பை முடித்தான். காய்ச்சல் என்று சொன்னான். அவனுக்கு என்ன காய்ச்சல் என்று எங்களுக்குத் தெரியும்.

என்றாலும் இது மலிவான படிப்புதான். ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரு வருடத்துக்கு ஆகிற செலவில் முழுப் பட்டத்தையும் வாங்கிவிட்டேன். குறை சொல்வதாக இருந்தால் விலையில் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிற சரக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வகைப்பாட்டியல், விலங்கு நடத்தை, உயிர்ப்புவியியல் மூன்றும் நன்றாக நடத்தினார்கள். எச்சத்தையும் தடத்தையும் பார்த்து மிளாவா, புள்ளிமானா, கேளையாடா என்று சொல்ல வைத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்காகவே இன்னொரு தடவை சேரலாம். கோடியக்கரையில் விடியற்காலை வெளிமான் கூட்டத்தை எண்ணச் சொல்லி எங்களை ஆறு இடங்களில் நிறுத்தினார். ஆறு பேரும் ஆறு எண்ணிக்கை சொன்னோம். சிரித்துவிட்டு, "இதுதான் உங்க முதல் பாடம்" என்றார். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த வகுப்பு அந்த ஒரு மணி நேரம்.

அடுத்த பாடமாக அந்த ஆறு எண்களை வைத்து என்ன செய்வது என்று சொல்லித்தந்திருக்க வேண்டும். அங்கேதான் படிப்பு கைவிட்டுவிட்டது. புள்ளியியல் என்ற பெயரில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கை-வர்க்கச் சோதனை (chi-square) போட்டோம். புள்ளியியல் கணக்குப் போடுகிற ‘ஆர்’ (R) மென்பொருளின் பெயரையே முதல் வேலைக்கான நேர்காணலில்தான் கேள்விப்பட்டேன். புவியியல் தகவல் முறைமைக்கு ஒரு தாள் இருந்தது, கணினி ஒன்றே ஒன்று, நாங்கள் பதினெட்டுப் பேர். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 என்று ஆண்டை மனப்பாடம் செய்தோமே தவிர, சட்டத்தைத் திறந்து பார்த்ததில்லை. ஒரு நிதி விண்ணப்பம் எப்படி எழுதுவது, வரவு செலவுத் திட்டம் எப்படிப் போடுவது என்பதெல்லாம் பாடத்திலேயே இல்லை. இன்றைக்கு என் வேலையில் பாதி நேரம் அதில்தான் போகிறது.

டிரான்செக்ட் என்று ஒன்று உண்டு. காட்டுக்குள் ஒரு நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடப்போம். விலங்கு கண்ணில் பட்டால் எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று குறித்துக்கொள்வோம். அதை வைத்துச் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை விலங்கு என்று கணக்கிடுவது. கணக்கு நம்பும்படி வர வேண்டுமென்றால் ஒரு இனத்தை அறுபது தடவையாவது பார்த்திருக்க வேண்டும். எங்களை மூன்று நாள் நடக்கவிட்டார்கள். காட்டுமாட்டை நாலு தடவை பார்த்தோம். நாலை வைத்து அடர்த்தி கண்டுபிடித்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிய மூன்று வருடம் ஆனது.

ஆய்வுக்கு நான் எடுத்தது சாம்பல் நிற மலை அணில். சொந்த ஊருக்குப் பக்கம் என்பதுதான் முதல் காரணம், பொய் சொல்ல விரும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அணிலுக்காகவே 1988ல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. காட்டுக்குள் ஆய்வு செய்ய எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். என் விண்ணப்பம் கல்லூரியிலேயே ஒரு மேசையில் இரண்டு மாதம் கிடந்தது. கிடக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக இருந்திருக்க வேண்டிய களப்பணி நாலு மாதமாகச் சுருங்கியது. சேர நினைக்கிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பத்தை மூன்றாவது செமஸ்டரின் முதல் வாரத்தில் கொடுங்கள், வாரம் ஒரு தடவை போய் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மூஞ்சியைச் சுளிப்பார்கள். பரவாயில்லை.

செண்பகத்தோப்பில் எனக்குத் துணையாக வந்தவர் பளியர் பழங்குடிச் சமூகத்து அண்ணன் ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர். ஒரு நாளைக்கு 350 ரூபாய் கொடுத்தேன். இந்த அணில் மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும், தரையில் இறங்குவது அதற்கு ஆபத்து. அதனால் கிளைகள் கோத்து நிற்கிற ஆற்றோர மரங்களில்தான் கூடு கட்டும். இதை நான் ஆய்வுக் கட்டுரைகளில் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நாளே அவர், "இந்த மருத மரத்துல இருக்கும், அந்தப் புளியில இருக்காது, அதுக்கு வலப்பக்கம் தொடுசு இல்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். தொடுசு! கோத்து நிற்கும் கிளைவிதானத்துக்கு நான் அதற்கப்புறம் வேறு சொல் தேடவில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் ஏழாவது இடத்தில் வந்தது. துறைத்தலைவர் முதலில். அதுதான் முறை என்றார்கள். அந்த ஒரு பக்கத்தை இப்போதும் திறக்கக் கூச்சமாக இருக்கிறது.

அட்டைக் கடி, உண்ணிக் கடி, மழையில் நனைந்த சாக்ஸ் பற்றியெல்லாம் எழுதலாம். எல்லோரும் எழுதுகிறார்கள். படிப்பின் மதிப்பை அவை கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

சரி, வேலை. 2016ல் முதல் வேலை மாதம் 12,000 ரூபாய்க்கு. ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். தங்குமிடம் இலவசம். ஐந்து மாதச் சம்பளம் மொத்தமாக ஆறாவது மாதம் வந்தது. நடுவில் அப்பாதான் செலவுக்கு அனுப்பினார். "காட்டுப் படிப்பு" பக்கத்தில் அதை எழுதவில்லை, வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறார். தேடிப் பார்த்தேன்.

இந்தத் துறையில் சம்பளத்தை நிர்ணயிப்பது பட்டமில்லை, ‘நெட்’ எனும் தேசியத் தகுதித் தேர்வு. இது எனக்கு யாரும் சொல்லாத இன்னொரு விஷயம். மத்திய அரசின் நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் நெட் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2019லிருந்து மாதம் 31,000. 2023லிருந்து 37,000. வீட்டு வாடகைப் படி தனி. நெட் இல்லாதவருக்கு, அதே காட்டில் அதே நேரத்தில் எழுந்து அதே தூரம் நடந்தாலும், பல ஆயிரம் குறைவு. இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை, 2018ல் தேறினேன். அடுத்த வருடம் ஒரு திட்டத்தில் சேர்ந்தேன். அப்போதுதான் முதன்முதலாக என் வயதுக்காரர்கள் வாங்கும் சம்பளத்தில் பாதியையாவது தொட்டேன்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. திட்டத்துக்கான நிதியும் நின்றது. ஊருக்கு வந்து கடையில் உட்கார்ந்தேன். எட்டு மாதம் பொட்டலம் மடித்தேன். ஒரு வாடிக்கையாளர் அக்கா, "காட்டுக்குப் படிச்ச புள்ளைன்னு சொன்னாங்க, இங்க கடலைப்பருப்பு நிறுக்குதே" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அதற்கப்புறம் செய்த வேலைதான் இந்த விமர்சனத்தில் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஒரு ஆலோசனை நிறுவனம். மாதம் 38,000, முதல் தேதியே வந்துவிடும். குவாரி, சுரங்கம், தொழிற்சாலை போன்றவற்றுக்கு அனுமதி கேட்கும்போது 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி மதிப்பீட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையில் சூழலியல், பல்லுயிர் பகுதியை எழுத ஒரு துறை வல்லுநர் வேண்டும். எங்கள் பட்டத்துக்கு நிலையான சம்பளத்தோடு சந்தை இருக்கிற ஒரே இடம் அநேகமாக இதுதான். கல்லூரிகள் இதை விளம்பரத்தில் போடுவதில்லை. எங்கள் மாதிரி ஆட்களும் சொல்லிக்கொள்வதில்லை.

சுற்றிப் பத்து கிலோமீட்டரில் என்னென்ன உயிரினங்கள் என்று பட்டியல் போட வேண்டும். எனக்குக் கொடுத்தது இரண்டு நாள். ஒரு கரட்டில் அழுங்கு (எறும்புதின்னி) வளை ஒன்றைப் பார்த்தேன். உள்ளே புது மண், பக்கத்தில் கிளறிய கறையான் புற்று. அழுங்கு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், உள்ள உயிரினம். அப்படி ஒன்று இருப்பதாக எழுதினால் தனியே பாதுகாப்புத் திட்டம் போட்டு, பணமும் ஒதுக்க வேண்டும். மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "அழுங்கை நீங்க நேர்ல பார்த்தீங்களாம்மா?" பார்க்கவில்லை. வளையை மட்டும்தான் பார்த்தேன். "அப்போ மயில் போதும்" என்றார். மயிலும் முதல் அட்டவணைதான், ஆனால் மயில் எல்லா அறிக்கையிலும் இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வந்த அறிக்கையில் அழுங்கு இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பதினான்கு மாதம் கழித்து விலகினேன். உடனே விலகவில்லை.

அந்த வேலையில் ஒழுங்காகச் செய்கிறவர்களும் உண்டு, எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். கறாரான ஆட்கள். அவர்கள் எழுதிய அறிக்கையைக் கிராமத்துக்காரர்களே கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கறார்த்தனத்தைக் கற்றுத் தருகிற தாள் ஒன்று பாடத்திட்டத்தில் இருந்திருந்தால், ஒருவேளை நானும் வளையைப் படம் எடுத்து, அளவு எடுத்து, இணைப்பாகச் சேர்த்திருப்பேன்.

இப்போது நீலகிரியில் கூடலூர் பக்கம் யானைகள் சம்பந்தமான மூன்று வருடத் திட்டம் ஒன்றில் இருக்கிறேன். மாதம் 48,000. ஒப்பந்த வேலை. யானைகள் நிற்கும் இடத்தை முன்கூட்டியே குறுஞ்செய்தியிலும் சிவப்பு விளக்கிலும் அறிவிக்கிற ஏற்பாட்டை வால்பாறையில் என்.சி.எஃப். (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்) என்ற அமைப்பு 2011 வாக்கிலேயே செய்து காட்டியது. நாங்கள் இங்கே செய்வதும் கிட்டத்தட்ட அதே வழியில்தான். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கிற தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் உட்கார்ந்து, எந்தக் கொம்பன் எந்த வழியாக வந்தான் என்று பாட்டிமார்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன். இழப்பீட்டு மனு நிரப்பித் தருகிறேன். எம்.எஸ்சி.யில் படித்ததில் எது இங்கே உதவுகிறது என்றால், தடம் பார்ப்பது, அப்புறம் ஆறு பேர் ஆறு எண்ணிக்கை சொன்ன அந்தக் காலை.

வெளிநாட்டில் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு என் வகுப்புத் தோழியின் கணக்கையும் சொல்கிறேன், அவள் சம்மதத்தோடு. 2022ல் இங்கிலாந்துக்குப் போனாள். ஒரு வருட முதுநிலைப் படிப்பு. கட்டணம், தங்குமிடம், விசா எல்லாம் சேர்த்து 32 லட்சம் கடன். படிப்பு அருமை என்றுதான் சொல்கிறாள். எங்களுக்குக் கிடைக்காத புள்ளியியலும், வாதம் செய்து எழுதும் பழக்கமும் அவளுக்குக் கிடைத்தன. அங்கேயே வேலை தேடினாள். இயற்கைப் பாதுகாப்பு வேலைகளுக்கு அங்கேயும் சம்பளம் குறைவுதான். வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாக உயர்த்தினார்கள். அவளுக்கு நேர்காணல் வந்த வேலை எதுவும் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. திரும்பி வந்தாள். இப்போது மாதத் தவணை 44,000. அவள் சம்பளம் 52,000. முழு உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். கடன் வாங்கிப் போவதென்றால் அவளிடம் பேசிவிட்டுப் போங்கள்.

உள்நாட்டிலேயே நான் முயன்று கிடைக்காத இடங்கள் இரண்டு. பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்.ஸில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து பேர் அளவில்தான் எடுப்பார்கள், உதவித்தொகையும் உண்டு. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம். இரண்டுக்கும் எழுதினேன். அந்த நுழைவுத் தேர்வுகளுக்கு இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்து படித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அங்கே படித்தவர்களுக்குப் பாடத்தைவிட, யாரைத் தொலைபேசியில் கூப்பிடுவது என்பது தெரிந்திருக்கிறது. இந்தத் துறையில் பாதி வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை.

அரசு வேலைதான் குறி என்றால் இந்த எம்.எஸ்சி. தேவையே இல்லை. இந்திய வனப்பணித் தேர்வுக்கு இளநிலைப் பட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல். ‘சுற்றுச்சூழல் அறிவியல்’ என்று பெயர் இருக்கிறதே என்று அதை மட்டும் இளநிலையில் எடுத்த ஒரு தம்பி, விண்ணப்பிக்கும் நாளில்தான் பட்டியலைப் பார்த்தான். மாநிலத்தில் உதவி வனப் பாதுகாவலருக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1ஏ. அங்கேயும் முதலில் அறிவிக்கையில் உள்ள பட்டங்களின் பட்டியலைப் படிக்க வேண்டும், அப்புறம்தான் காடு.

பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கடைசியில் நான் சொன்னது இது. பி.எஸ்சி. முடித்ததும் ஒரு வருடம் சேராதே. கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிடும்போது போ. வீட்டில் உட்கார்ந்து ‘ஆர்’ கற்றுக்கொள், அதற்குக் காசு கிடையாது. நெட் பாடத்திட்டத்தை இப்போதே எடுத்துப் பார். அப்புறமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஒன்றையும் பார்க்காமல் திரும்பிவருவது உனக்குப் பிடித்திருந்தால், சேர். கல்லூரியில் கட்டணம் எவ்வளவு என்று கேட்காதே. கணினி எத்தனை, போன வருடத்து மாணவர்கள் ஆய்வுக்கு எத்தனை நாள் காட்டில் இருந்தார்கள் என்று கேள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பைனாகுலர் எவ்ளோக்கா?" என்றாள். என்னுடையது லென்ஸில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது.

இதை எழுத அப்பாவின் பழைய நோட்டைக் கேட்டபோது, அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருப்பதைப் பார்த்தேன். 2020 டிசம்பர் தேதி போட்டு, வரவுப் பக்கத்தில்: ‘கடை வேலை, 8 மாதம், 8,000 வீதம், 64,000.’ ஊரடங்கில் நான் பொட்டலம் மடித்ததற்கு அவரே சம்பளம் நிர்ணயித்து, அவரே வரவு வைத்திருக்கிறார். நான் வேலைக்குப் போய் வீட்டுக்கு அனுப்பிய பணம் எதுவும் அங்கே இல்லை. கேட்டால், "அது வீட்டுக் கணக்கு, இது படிப்புக் கணக்கு" என்கிறார். ஆக, அப்பாவின் நோட்டுப்படி காட்டுப் படிப்பில் இன்னும் 1,65,000 பாக்கி.